டயலை மாற்றியது யார் என்று நான் கேட்ட நாள்

1. விலையைச் சொல்லாதே

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் செய்த முதல் காரியம், வந்த வாடிக்கையாளரை விரட்டியதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கடிகாரத்தை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் நேரு வீதியில் ரெடிமேட் சட்டை விற்றுக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பழக்கத்தில் பக்கத்தில் போய் விலையைச் சொல்லிவிட்டேன். மனிதர் நிமிர்ந்தார், குடையை எடுத்தார், போய்விட்டார்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "வெலைய அவரு கேக்கட்டும். நீ டிசைனச் சொல்லு. இது ஏன் அம்பது வருஷமா இப்படியே இருக்குதுன்னு சொல்லத் தெரிஞ்சா, மத்தத வாட்ச்சே பாத்துக்கும்" என்றார்.

மிஷன் வீதியில் இருந்த அந்த ஷோரூமில் அதன்பிறகு இருபத்தாறு வருடம் கவுண்டரில் நின்றேன். கால் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் மிச்சம் என்று வீட்டில் சொல்வார்கள். விலை உயர்ந்த வெளிநாட்டுக் கடிகாரங்கள் மட்டும் விற்கிற கடை. கம்பெனிகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்த விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது, அதில் பங்கு கேட்க யாரையும் கூப்பிட மாட்டேன்.

மேனேஜர் சொன்னதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். கேட்லாக்குகளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். காகிதம் போல மெல்லிய தங்கக் கடிகாரம், இரண்டே முள், நொடி முள் கூடக் கிடையாது. அதைக் கட்டியவர் அவசரப்படாதவர் என்று அதுவே சொல்லிவிடும். ரோமன் எண் போட்ட நீள்சதுரம் ஒன்று, பெண் கையிலும் ஆண் கையிலும் ஒரே மாதிரி உட்காரும். எட்டு மூலை வைத்து ஸ்குரூக்களை மறைக்காமல் வெளியே காட்டியது ஒன்று, வந்த புதிதில் எல்லோரும் சிரித்தார்களாம், இன்றைக்கு அதற்கு வரிசையில் நிற்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கடலில் மூழ்குகிறவர்களுக்காகச் செய்த ஸ்டீல் கடிகாரம். கறுப்பு டயல், அதில் எண்களுக்குப் பதிலாக இருட்டில் ஒளிரும் வட்டப் புள்ளிகள், சுற்றிலும் திருப்புகிற பெசல் வளையம். அதில் அலங்காரம் என்று ஒன்றுமே இல்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு பார்வையில் மணி தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்த ஒரு நோக்கத்துக்குக் கட்டுப்பட்டதால்தான் அது அழகாக ஆனது என்று நான் சொல்வேன். "இதுல எடுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, சேக்கறதுக்கும் ஒண்ணுமில்ல. அதனாலதான் இது மாறவே இல்ல" என்று முடிப்பேன். இந்த வசனத்தை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ, கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன்.

2. சனிக்கிழமை வாத்தியார்

என் பேச்சுக்கு ஆள் சேர ஆரம்பித்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேரை அழைத்து, காபி கொடுத்து, என்னைப் பேசவிடுவார்கள். ஒரு டிசைனை எடுத்துக்கொண்டு அது ஏன் காலத்தைத் தாண்டி நிற்கிறது என்று அரை மணி நேரம் விளக்குவேன். கடையில் எனக்கு வாட்ச் வாத்தியார் என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் எனக்கு உள்ளூரப் பெருமை. நுணுக்கமாகப் பார்க்க உதவும் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாட்டின மாதிரி ஒரு நினைப்பு.

அப்படி ஒரு சனிக்கிழமை, பேச்சு தொடங்க இருந்த நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். சக்கர நாற்காலியில் முசே சவரிராயன். எங்கள் ஊரில் பிரெஞ்சு வழக்கப்படி ஐயாவை முசே என்போம், அம்மாவை மதாம் என்போம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், குருசுக்குப்பத்தில் வீடு. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயிருந்தன. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும், தவளக்குப்பத்துக்காரர், வீட்டு நோயாளிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாக மூன்று வருடமாக அவரைப் பார்த்துக்கொள்கிறவர். கூட வந்தவர் முசேயின் மகள், மதாம் கிறிஸ்தீன். பிரான்ஸில் இருக்கிறார், ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தார்.

அப்பாவின் கடிகாரம் நின்றுவிட்டது, சர்வீஸ் செய்து தன் மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்றார் மதாம். கைக்குட்டையைப் பிரித்தார். நான் சொன்னேனே, அதே ஸ்டீல் கடிகாரம். முசே பட்டாளத்தில் இருந்தபோது பிரான்ஸில் வாங்கியதாம். எங்கள் கண்ணாடிப் பெட்டியில் அதே மாடலின் புத்தம் புதியது இருந்தது. எனக்கு இதைவிட என்ன வேண்டும்? சர்வீஸ் சீட்டு எழுதுகிற வேலையை விட்டுவிட்டு, இரண்டையும் வெல்வெட் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காபி குடித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். அம்பது வருட இடைவெளி, ஆனால் அண்ணன் தம்பி போல இருக்கிறது பாருங்கள் என்றேன். எல்லோரும் குனிந்து பார்த்து வியந்தார்கள். முசேயின் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம்.

லூப்பை மாட்டிக்கொண்டு இன்னும் நெருங்கிப் பார்த்தேன். பெல்ட்டைக் கழற்றி, கேஸில், அதாவது கடிகாரத்தின் ஸ்டீல் கூட்டில், பொறித்திருந்த சீரியல் நம்பரைப் படித்தேன். நம்பர் பழையதுதான். ஆனால் டயலின் புள்ளிகள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. அந்தக் காலத்து ஒளிரும் பூச்சு வருடம் போகப் போகப் பழுத்து, பால் கலந்த டீ நிறத்துக்கு வந்துவிடும். பழைய டயலின் கீழ் ஓரத்தில் அந்தப் பூச்சைக் குறிக்க ஒரு சின்ன எழுத்தும் இருக்கும். இதில் அதுவும் இல்லை. ஆக, கடிகாரம் பழையது, டயல் பிற்காலத்தது.

இதைத் தனியாக மதாமிடம் சொல்லியிருக்கலாம். சும்மாவே இருந்திருக்கலாம். பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும்போது என் வாய் சும்மா இருக்குமா?

"கேஸ் ஒரிஜினல், மதாம். ஆனா இந்த டயல் இதோட பொறந்தது இல்ல. யாரோ கழட்டி மாத்தியிருக்காங்க" என்றேன்.

மதாமுக்குப் புரியவில்லை. ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார். பழைய டயலுக்கு, பழுத்த நிறத்தோடு இருந்தால், சேகரிப்பவர்கள் மத்தியில் ஏகப்பட்ட கிராக்கி, டயலை மட்டும் கழற்றியே விற்பார்கள் என்று விளக்கினேன். அது உண்மைதான். அதோடும் நான் விடவில்லை.

"வீட்டுல இந்த வாட்ச் யார் கையில இருக்கும்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்கும் கடிகாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட ஆள், அதன் அடுத்த படியையும் கண்டுபிடித்துக் காட்டிவிட வேண்டும் என்ற திமிர்.

அஞ்சலை கொஞ்சம் கூடத் தயங்கவில்லை. "எங்கிட்டதான் சார் இருக்கும். குளிப்பாட்டறப்ப கழட்டி வெப்பேன். போன வருசம் பெல்ட்டு பிஞ்சிப்போச்சி, நான்தான் மார்க்கெட்டாண்ட கடையில குடுத்து மாத்தியாந்தேன்" என்றார்.

மதாம் அஞ்சலையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். அப்போதுதான் அஞ்சலைக்கு எங்கே வந்து நிற்கிறோம் என்று புரிந்தது. அதே நேரத்தில் முசே ஏதோ சத்தம் போட்டார். சொல்லாக வரவில்லை. இடது கையை நீட்டி அஞ்சலையின் மணிக்கட்டைப் பிடித்தார். நரம்பு புடைக்கப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். வாடிக்கையாளர் ஒருவர், "அவரே புடிச்சிக் குடுத்துட்டாரு பாருங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாவம், வாய் பேச முடியாத மனிதர், இத்தனை நாள் சொல்ல முடியாமல் வைத்திருந்திருக்கிறார் என்று இரக்கம் கூடப் பட்டேன்.

3. மும்பையிலிருந்து வந்த தாள்

எங்கள் ஷோரூமில் கடிகாரத்தின் பின்மூடியைத் திறக்கக் கூடாது. எந்த ரிப்பேர் ஆனாலும் சீல் வைத்து மும்பை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அது போய்த் திரும்ப ஆறு வாரம் ஆகும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே, முகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு உறைக்க அந்த ஆறு வாரம் ஆனது.

இடையில் சர்வீஸ் எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் கேட்க மதாமுக்குப் போன் செய்தேன். அஞ்சலையை அன்றைக்கே அனுப்பிவிட்டதாகவும், போலீஸுக்குப் போகவில்லை, ஏஜென்சியில் மட்டும் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நான் கண்டுபிடித்திருக்காவிட்டால் இன்னும் என்னென்ன போயிருக்குமோ என்று எனக்கு நன்றியும் சொன்னார். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

பிறகு சர்வீஸ் ரிப்போர்ட் வந்தது. டயல் என்ற இடத்துக்கு எதிரே, கம்பெனியின் அசல் சர்வீஸ் டயல் என்று எழுதியிருந்தது. அதாவது, கம்பெனியே சர்வீஸில் போட்டுக்கொடுக்கிற டயல். மும்பை டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் வேலை முடிந்ததும் பின்மூடியின் உட்பக்கம் ஊசியால் தேதியைக் கீறி வைப்பது வழக்கம். இதில் இரண்டு தேதி இருந்தது, பக்கத்தில் பிரான்ஸில் இருக்கிற சர்வீஸ் சென்டரின் குறியும் இருந்தது. இரண்டாவது தேதி பதினைந்து வருடத்துக்கு முந்தையது. பழைய ஒளிரும் பூச்சு மங்கிவிட்டால் கம்பெனிக்காரர்களே டயலைக் கழற்றிவிட்டுப் புதிய டயல் போட்டுவிடுவார்கள், அந்தக் காலத்தில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்றார்.

பதினைந்து வருடத்துக்கு முன் முசே நடமாடிக்கொண்டிருந்தார். தானே எடுத்துப் போய்க் கொடுத்து வாங்கியிருக்கிறார். அஞ்சலை அந்த வீட்டுக்கு வந்ததே மூன்று வருடத்துக்கு முன்னால்தான். டயல் மாறிய விவரம் தெரிந்த ஒரே மனிதர் என் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து, அஞ்சலையின் கையைப் பிடித்து ஆட்டி, என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் தாளை மடித்து ஃபைலில் வைத்தேன். மேனேஜரிடம் சொல்லவில்லை. மதாம் அதற்குள் பிரான்ஸ் போய்விட்டிருந்தார். உறவுக்காரர் ஒருவர் வந்து கடிகாரத்தை வாங்கிப் போனார். இரண்டு நாளில் மதாமிடமிருந்து மெயில் வந்தது, டயலைப் பற்றி மும்பையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டு. நான் எழுதிய பதில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். கடிகாரம் நல்ல நிலையில் இருக்கிறது, எல்லாப் பாகங்களும் கம்பெனியின் அசல் பாகங்களே என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இப்படி எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. உண்மையை எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வாத்தியார் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று அந்தப் பத்துப் பேர் பேசுவார்களே என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அடுத்த மாதச் சனிக்கிழமையும் பேசினேன். அதற்கடுத்ததும் பேசினேன். ஸ்டீல் கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. நான்கு வருடம் இப்படிப் போனது.

4. தவளக்குப்பம்

போன வருடம் நான் ஓய்வு பெற்ற மாதத்தில், சாரம் பகுதியிலிருந்து டவுனுக்குப் போகும்போது சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தேன். முசே சவரிராயன். ராணுவ உடையில் எடுத்த பழைய படம். வண்டியை ஓரம் கட்டினேன். இனிமேல் அஞ்சலை எடுக்கவில்லை என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அஞ்சலை, இன்னொன்று நான்.

அதற்குப் பிறகும் உடனே போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதம் இழுத்தேன். கடைசியில் முத்தியால்பேட்டையில் இருக்கிற அந்த ஏஜென்சியில் விலாசம் கேட்டு, கடலூர் ரோட்டில் பஸ் பிடித்துப் போனேன். அஞ்சலை ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற வேலையில் இருந்தார். பின்பக்கம் குழாயடியில், அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மும்பைத் தாள், கீறின தேதி, நான் எழுதிய மெயில், நான்கு வருடம். மன்னிப்புக் கேட்டேன். பேச ஆரம்பித்தபோது என் கண் கலங்கியது, எனக்கே அது பிடிக்கவில்லை. அழ வேண்டியது நான் இல்லையே.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "பெரியவரு போயிட்டாராமே" என்றார். ஆமாம் என்றேன்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்னா சார்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்களாண்ட போயி சொல்லுங்க" என்றார்.

சத்தம் போடாமல்தான் சொன்னார். எனக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டால் என் பாரம் இறங்கும் என்றுதான் பஸ் ஏறியிருந்தேன். அஞ்சலையின் பாரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பிறகு அவரே சொன்னார்: ஏஜென்சியில் பெயரை எடுத்துவிட்டார்கள். ஏஜென்சிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதில் அவர் போட்டோவைப் போட்டு எச்சரிக்கை என்று எழுதிவிட்டார்கள். அதன்பிறகு ஊரில் எந்த வீட்டிலும் நோயாளி பார்க்கிற வேலை கிடைக்கவில்லை. மகளைப் பெண் கேட்டு வந்த ஒரு இடம் கூட அதைக் கேள்விப்பட்டுப் போய்விட்டது.

அன்று மாலையே மதாமுக்குப் போன் செய்து சொன்னேன். அஞ்சலை போன பிறகு அப்பா வேறு யார் கையாலும் சாப்பிட மாட்டேன் என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார் என்றும், அதனால்தான் முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டிவந்தது என்றும் சொன்னார். "அன்னிக்கு அவங்க கைய அப்பா புடிச்சாரே, அது..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்.

5. எழுதிக் கொடுத்தது

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். மாறாத டிசைன் என்று நாம் சொல்வதெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கிற பேச்சு. உள்ளே முள் மாறும், கண்ணாடி மாறும், டயல் மாறும், அப்படி மாற்றி மாற்றித்தான் ஒரு கடிகாரம் அம்பது வருடம் ஓடுகிறது. லூப்பில் தெரிவதைச் சொல்லுங்கள். டயல் பிற்காலத்தது என்று சொல்லலாம். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பது லூப்பில் தெரியாது. தப்பாகச் சொல்லிவிட்டால், தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான், இதைக் கற்றுக்கொள்ள வேறொருவரின் நான்கு வருடம் போனது.

மதாமிடம் பேசியதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை அஞ்சலையும் நானும் ஏஜென்சிக்குப் போனோம். வேலை கேட்டு வந்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜென்சியை நடத்துகிற அம்மாவிடம் தனியாகப் பேசலாமா என்று கேட்டேன். "இங்கியே பேசுங்க சார்" என்றார் அஞ்சலை. நின்றபடி எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஏஜென்சி அம்மா இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று கேட்டார். எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

எழுதினேன். மேற்படி கைக்கடிகாரத்தின் டயல், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் முன்பே மாற்றப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அஞ்சலை அதை வாங்கி எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல நான் எடுக்கலன்னு எங்க சார் இருக்குது?"

இல்லை. அவர் பெயரே அதில் இல்லை. என் பெயரும் கையெழுத்தில் கிறுக்கலாகத்தான் இருந்தது. இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன். அஞ்சலை திருடவில்லை, நான் பொய்யான பழி வரும்படி பேசினேன், உண்மை தெரிந்த பிறகும் நான்கு வருடம் மறைத்தேன் என்று பெரிய எழுத்தில் எழுதி, என் முழுப் பெயரையும் வேலை பார்த்த இடத்தையும் கீழே எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு அஞ்சலை ஏஜென்சி அம்மாவிடம் கொடுத்தார். "இத அந்த குரூப்புல போடுங்கம்மா. எம்மூஞ்சியப் போட்ட மாதிரியே சாரையும் போட்டோ புடிச்சிப் போடுங்க" என்றார்.

ஏஜென்சி அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கச் சுவரோரமாக என்னை நிற்கச் சொன்னார். பெஞ்சில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் எழுதிய தாளை, எழுத்து தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.